பழைய ஜீப் வண்டியின் புதிர்களும் மலையகப் பாதைகளும்

மலையகத்தின் தோட்டப் பாதைகளிலும் நகரங்களின் கராஜ்களிலும் பழைய ஜீப் வண்டிகளை இன்றும் இடைக்கிடையே காண முடிகிறது. அவற்றைக் கழித்துப்போட வேண்டிய இரும்பாகக் கருதுவோர் உண்டு. பெரும் விலை கொடுத்து வாங்கிப் புதுப்பிப்போரும் உண்டு. இவ்விரு சாராரும் கவனிக்கத் தவறும் விடயமொன்று அவ்வண்டிகளில் இருக்கின்றது. முன்பம்பரின் நடுவே ஓர் இரும்பு உருளை செங்குத்தாக நிற்கும். பின்புறத்தில் எதனோடும் இணையாத ஒரு சுழல்தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். கூரைக்கு மேல் இன்னொரு கூரை இருக்கும். வீதிக்கு வெளிச்சம் தராத சிறு விளக்கொன்று பின்னச்சை நோக்கித் திரும்பியிருக்கும். சசியிலிருந்து சங்கிலியில் ஒரு மரக்கட்டை தொங்கும். இவையெல்லாம் எதற்காக என்று கேட்டால், இன்றைய உரிமையாளர்கள் பலரிடம் விடை இருப்பதில்லை.

பணத்தையும் உழைப்பையும் செலவிட்டு எவரும் காரணமின்றி ஒரு வாகனத்தில் இரும்புத் துண்டொன்றைப் பொருத்துவதில்லை. இன்று அக்காரணம் எமக்குப் புரியவில்லையெனில், அது தோன்றிய சூழல் எமது நினைவிலிருந்து அகன்றுவிட்டது என்பதே பொருளாகும். ஆகவே இப்புதிர்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்ப்பது, மலையகத்தின் கடந்த காலத்தை வேறொரு வாயிலினூடாகக் காண்பதற்கு ஒப்பானது எனலாம். அதன் இறுதியில், இன்றைக்கும் விடை காணப்படாத கேள்வியொன்று எம்முன் நிற்பதையும் காண்போம்.

நிலையத்துடன் நின்றுவிடும் புகையிரதம்

வட்டகொடையை எடுத்துக்கொள்வோம். தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையே அமைந்த புகையிரத நிலையம் அது. கொழும்பிலிருந்து மலையேறிய புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவை எட்டியபோது, இப்பகுதித் தேயிலைப் பெட்டிகள் துறைமுகத்தைச் சென்றடைய விரைவான வழி பிறந்தது. ஆயினும் புகையிரதம் நிலையத்துடன் நின்றுவிடும். அங்கிருந்து தோட்டத்தின் மேற்பிரிவுக்குச் செல்ல வேண்டிய ஒருவர், செங்குத்தான ஏற்றங்களும் கொண்டை ஊசி வளைவுகளும் நிறைந்த குறுகிய பாதையிலேயே ஏற வேண்டும். மழைக்காலத்தில் கான் நிரம்பி நீர் பாதையின் மேலாகப் பாயும். மண் கரைந்து கற்கள் துருத்தி நிற்கும். சாதாரண கார் ஏற முடியாத இந்தக் கடைசி மைல்கள்தாம் மலையகத்தில் ஜீப் வண்டிக்கு இடம் தேடிக்கொடுத்தன.

மலையகப் பேச்சு வழக்கில் ஜீப் என்பது ஒரு பொதுப்பெயர். அமெரிக்க வில்லிஸ் வண்டியும் ஆங்கிலேய லேண்ட் ரோவரும் அப்பெயராலேயே அழைக்கப்படுகின்றன. ஆனால் இரண்டின் பிறப்பும் வேறுவேறானது. முதலாவது போருக்காகப் பிறந்தது. 1940இல் அமெரிக்க இராணுவம் இலகுவான நான்கு சக்கர இயக்க வாகனமொன்றைக் கோரியதன் விளைவாக உருவாகி, இரண்டாம் உலகப் போர் முடிவடைவதற்குள் ஆறு இலட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தி செய்யப்பட்டது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் டில்லியிலிருந்து பேராதனைக்கு மாற்றப்பட்டமை, இத்தகைய படை வாகனங்கள் எமது மலைநாட்டுக்கு எவ்வளவு அண்மையில் இருந்தன என்பதைக் காட்டும்.

இரண்டாவது வண்டி பண்ணைக்காகப் பிறந்தது. இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் பிரதேசத்தின் ஆங்கிள்சி தீவிலிருந்த தமது நிலத்தில் போரில் எஞ்சிய ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதற்கு மாற்றாகத் தமது நிறுவனமே ஒரு வண்டியைச் செய்தாலென்ன என்ற எண்ணத்தில், 1947இல் ஜீப்பின் சசியின் மீதே முதல் மாதிரி அமைக்கப்பட்டது. அம்மாதிரியில் சுக்கான் வண்டியின் நடுவே இருந்தது. உழவு இயந்திரத்தில் அமர்வது போல் நடுவில் அமர்ந்து ஓட்டினால், இடப்பக்க நாடு வலப்பக்க நாடு என்ற பேதமின்றி ஒரே வண்டியை எங்கும் விற்கலாம் என்பது அதன் நோக்கம். நடைமுறைக்கு ஒவ்வாததால் அது கைவிடப்பட்டது. 1948 ஏப்ரல் இறுதியில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் உலகுக்கு அறிமுகமானது. போருக்குப் பின் உருக்குக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியதால் அதன் உடல் அலுமினியக் கலப்பு உலோகத்தால் செய்யப்பட்டது. இத்தற்செயல், ஓயாத மழையும் மூடுபனியும் நிறைந்த எமது மலைகளில் உடற்பகுதி துருப்பிடிக்காமல் நீடிக்க உதவிற்று. அடியிலிருந்த உருக்குச் சசிக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

பண்ணையின் தேவைகள்

இப்பிறப்பை அறிந்துகொண்டால் முதற்சில புதிர்கள் எளிதில் அவிழ்ந்துவிடும். பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சுழல்தண்டு, இயந்திரத்தின் வலுவைச் சக்கரங்களுக்கன்றி வேறொரு கருவிக்கு அனுப்புவதற்கானது. அதனோடு ஒரு பட்டிச் சக்கரத்தை இணைத்து, நிறுத்தி வைத்த வண்டியைக் கொண்டே மரம் அறுக்கும் வாளையோ நீரிறைக்கும் பம்பியையோ கதிரடிக்கும் இயந்திரத்தையோ இயக்கலாம். மின்சாரம் எட்டாத இடங்களில் வண்டியே ஒரு சிறு தொழிற்சாலையாக நின்று வேலை செய்தது.

சாரதியின் முன்னால் பற்கள் வெட்டிய தகட்டின் மீது அசையும் சிறு நெம்புகோல் சில வண்டிகளில் உண்டு. அது கையால் இயக்கும் வேகக் கட்டுப்பாடு. பட்டிச் சக்கரம் சுழலும்போது சாரதி ஆசனத்தில் அமர்ந்து காலால் மிதித்துக்கொண்டிருக்க முடியாதல்லவா? இயந்திரத்தின் வேகத்தை ஒரே அளவில் நிறுத்திவைத்துவிட்டு அவர் கீழிறங்கி வேலையைக் கவனிக்கலாம். பின்புறச் சுழல்தண்டு அகற்றப்பட்ட வண்டியில் இந்த நெம்புகோல் மட்டும் எஞ்சியிருந்தால், அது பயனற்ற அலங்காரம் போலவே தோன்றும். ஒரு புதிரின் விடை சில வேளைகளில் வண்டியை விட்டே போய்விட்டிருக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

முன்பம்பரின் நடுவே நிற்கும் உருளை, கயிறு சுற்றும் வின்ச் ஆகும். இயந்திரத்தின் முன்முனையிலிருந்தே அதற்கு வலு கிடைக்கும். கயிற்றின் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுபகுதியை உருளையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, எஞ்சிய முனையை ஒருவர் கையால் இழுத்துப் பிடித்தால் போதும். கயிறு உருளையை இறுக்கிப் பற்றும். வண்டி தன்னைத்தானே சேற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். பிடித்திருப்பவர் தளர்த்தியதும் உருளை வெறுமனே சுழலும். பாதையில் விழுந்த மரத்தை அகற்றுவதற்கும் கவிழ்ந்த வண்டியைத் தூக்குவதற்கும் இதனையே பயன்படுத்தலாம். உருளை அகற்றப்பட்ட வண்டிகளிலும் பம்பரின் நடுவே ஒரு துவாரம் காணப்படும். அது பற்றரி செயலிழந்த வேளைகளில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றி இயந்திரத்தைக் கிளப்புவதற்கானது.

இரட்டைக் கூரை வெப்ப நாடுகளுக்கென்றே தயாரிக்கப்பட்டது. வெயில் மேற்கூரையைச் சூடாக்கும். இரண்டுக்கும் இடையே காற்றோடுவதால் கீழ்க்கூரை சூடேறாது. குளிரில் நடுங்கும் நுவரெலியாவில் அதற்கென்ன வேலை என்று கேட்பது நியாயமே. ஆனால் வண்டியை அனுப்பிய தொழிற்சாலைக்கு இலங்கை ஒரு வெப்ப நாடு. அதற்குள் ஒரு குளிர் நாடு இருப்பது அதன் பட்டியலில் இடம்பெற்றிருக்காது. எல்லா மாற்றங்களும் அவ்விடத்தின் தேவையிலிருந்தே எழுந்தன என்று முடிவுகட்டிவிடலாகாது என்பதை இக்கூரை எமக்கு உணர்த்துகிறது.

படையின் தடயங்கள்

பின்னச்சை நோக்கித் திரும்பிய சிறு விளக்கு, வண்டி ஒரு காலத்தில் படையில் இருந்தமைக்கான சான்றாகும். பிரித்தானிய மரபில் அமைந்த படை வாகனங்களில் பின்னச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷல் உருண்டைக்கு வெள்ளை வர்ணம் பூசி, அதன்மீது மட்டும் மங்கிய ஒளி விழுமாறு விளக்கமைப்பது வழக்கம். இரவில் அணியாகச் செல்லும்போது ஏனைய விளக்குகள் யாவும் அணைக்கப்பட்டிருக்கும். பின்னால் வரும் சாரதிக்கு அந்த வெள்ளைப் புள்ளி தென்படும். வானிலிருந்து பார்க்கும் விமானிக்குத் தென்படாது.

போர்க்கால வில்லிஸ் வண்டிகள் சிலவற்றின் முன்பம்பரில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புக் கோணம் நிமிர்ந்து நிற்பதைப் படங்களில் காணலாம். அது கொடிக்கம்பமன்று. ஐரோப்பியப் போர்முனையில் பாதைக்குக் குறுக்கே கழுத்துயரத்தில் கம்பி கட்டிவிடும் வழக்கம் இருந்தது. கண்ணாடியை முன்னால் மடித்து வைத்து வேகமாக வரும் திறந்த வண்டியில் இருப்போரின் கழுத்தை அக்கம்பி அறுத்துவிடும். அதனை முன்கூட்டியே அறுத்தெறிவதற்காகவே, மேல்முனையில் வெட்டுவாய் வைத்த இந்த இரும்பு பொருத்தப்பட்டது. அதே வண்டியின் முன்விளக்குகள் கீலில் அமைந்து, பின்னோக்கித் திரும்பக் கூடியவை. இருளில் பொனட்டைத் திறந்து பழுது பார்க்கையில் விளக்கை இயந்திரத்தின் மீதே திருப்பிக்கொள்ளலாம். ஒரு மாற்றம் உயிரைக் காக்க. மற்றொன்று வேலையை எளிதாக்க. இரண்டும் ஒரே வண்டியில் அருகருகே இருப்பதால் நோக்கத்தைப் பிரித்தறிவது கடினமாகின்றது.

மலையின் தேவைகள்

தொழிற்சாலையும் படையும் செய்தவற்றை நூல்களின் துணையுடன் அறியலாம். ஆனால் மலையகத்துக் கராஜ்களில் கைதேர்ந்த பாஸ்மார் செய்தவற்றுக்கு வரைபடமும் இல்லை, கையேடும் இல்லை. அவையே உண்மையான புதிர்கள்.

சங்கிலியில் தொங்கும் மரக்கட்டையைப் பார்ப்போம். பழைய லேண்ட் ரோவரின் கைப் பிறேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னால் புரொப்பலர் ஷாஃப்டையே அது பிடிக்கின்றது. இதில் ஓர் ஆபத்து உண்டு. சரிவில் நிற்கும் வண்டியின் பின்சக்கரங்களுள் ஒன்று நிலத்தை விட்டு உயர்ந்தாலோ வழுக்கினாலோ, டிஃபரன்ஷலின் இயல்பால் ஒரு சக்கரம் முன்னும் மற்றது பின்னுமாகச் சுழலலாம். கைப் பிறேக் இறுகியிருக்கும்போதே வண்டி உருண்டுவிடும். ஏற்றத்தில் டயர் மாற்ற நேர்ந்த சாரதி ஒருவர் இதனைப் பொறியியல் நூலைப் படித்து அறிய வேண்டியதில்லை. சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்காமல் இறங்கலாகாது என்பது அவருக்குப் பழக்கத்தில் வந்த பாடம். அக்கட்டை தொலைந்துவிடக் கூடாது என்பதற்காகவே அதற்குச் சங்கிலி வந்தது.

அடுத்து இயந்திரம். லேண்ட் ரோவரின் பொனட்டைத் திறந்தால் உள்ளே ஜப்பானிய டீசல் இயந்திரம் இருக்கும். ரேடியேட்டர் இடம்மாறியிருக்கும். சசியின் குறுக்கே புதிய இரும்புகள் ஒட்டப்பட்டிருக்கும். இம்மாற்றத்தின் பின்னால் நாட்டின் பொருளாதார வரலாறே இருக்கின்றது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. உதிரிப்பாகம் கிடைக்காத வண்டியை இருப்பதைக் கொண்டே ஓட்டியாக வேண்டிய நிலை. 1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானிய வாகனங்களும் அவற்றின் பாவித்த இயந்திரங்களும் வந்து குவிந்தன. பெற்றோலை விழுங்கும் பழைய இயந்திரத்தை அகற்றிவிட்டுச் சிக்கனமான டீசல் இயந்திரத்தைப் பொருத்துவது இயல்பான முடிவாயிற்று. 2020இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு 2025இன் தொடக்கத்தில் தளர்த்தப்படும் வரையிலான காலத்திலும், பழைய வண்டிகளைப் பேணி ஓட்டும் இக்கைவினைக்கு வேலை இருந்தது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையன்று. டார்ஜிலிங் மலைகளில் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ சிகரத்துக்கு ஏறிவந்த லேண்ட் ரோவர்கள், தேயிலைத் தோட்டத் துரைமார் விட்டுச்சென்றவை. அவற்றிலும் பலவற்றுக்கு இந்திய டீசல் இயந்திரங்களே உயிர்கொடுத்தன. தமிழ்நாட்டின் தேனி மாவட்ட எல்லையிலுள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு இன்றும் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பிலேயே ஏற வேண்டும். தேயிலை விளையும் உயரமும் பாதையின் கரடுமுரடும் எங்கும் ஒன்றாகவே இருப்பதால், அங்கும் இங்கும் மனிதர்கள் கண்ட தீர்வுகளும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன.

இறுதியாக, பின்பகுதி. மூலவண்டியில் இல்லாதவாறு உடல் பின்னோக்கி நீட்டப்பட்டு, இருபுறமும் நீண்ட பலகைகள், பிடித்துக்கொள்ளக் கம்பிகள், ஏறுவதற்குத் தாழ்வான படி ஆகியன சேர்க்கப்பட்டிருக்கும். சில வண்டிகளில் ஒரு பக்கப் பலகை மட்டும் கீலில் அமைந்து மடங்கக் கூடியதாக இருக்கும். கழற்றிச் செருகக்கூடிய கதவும் அதற்கிணையாக அமைந்திருக்கும். ஒருவரைப் படுத்த நிலையில் கொண்டுசெல்வதற்கான நீளம் அவ்வாறு கிடைக்கின்றது.

புதிரை அவிழ்க்கும் முறை

இத்தகைய வண்டியொன்றைக் காணும் வாசகர் மூன்று விடயங்களைக் கவனித்தாலே பெரும்பாலான விடைகள் கிடைத்துவிடும். முதலாவது, அப்பொருள் எதனோடு இணைந்திருக்கிறது என்பது. இயந்திரத்தோடு இணைந்ததாயின் அது வலுவைப் பெறுவதற்கானது. சசியோடு இணைந்ததாயின் இழுவையையோ பாரத்தையோ தாங்குவதற்கானது. மேலுடலோடு மட்டும் இணைந்ததாயின் மனிதருக்கோ பொருளுக்கோ வசதி செய்வதற்கானது. இரண்டாவது, அது எங்கே தேய்ந்திருக்கிறது என்பது. கயிறு உராய்ந்த தடமும் கைபட்டு மினுங்கும் கம்பியும் ஒன்றல்ல. மூன்றாவது, அருகில் எது அகற்றப்பட்டிருக்கிறது என்பது. வெற்றுத் துவாரங்களும் அறுத்த ஒட்டுத் தழும்புகளும் காணாமற்போன துணைக்கருவியின் முகவரிகளாகும். இவற்றுக்குப் பின்னரும் புரியாதவற்றை ஓய்வுபெற்ற சாரதியிடமோ பழைய பாஸிடமோ கேட்பதே வழி. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே தொழில் செய்யும் மலையக நகரங்களின் கராஜ்களில் இவ்வறிவு வாய்மொழியாகவே கைமாறி வந்துள்ளது. அதைச் சுமந்திருப்போர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியமாகும். புத்திசாலித்தனமான மாற்றங்கள் எல்லாம் பாதுகாப்பானவை அல்ல. பின்னச்சுக்கு அப்பால் உடலை நீட்டி அதில் ஆட்களை ஏற்றினால், ஏற்றத்தில் பாரம் பின்னோக்கிச் சாய்ந்து முன்சக்கரங்கள் இலேசாகும். சுக்கானைத் திருப்பினாலும் வண்டி திரும்பத் தயங்கும். கூரையில் மூட்டைகளை அடுக்கினால் பாரத்தின் மையம் உயர்ந்து, வளைவில் கவிழும் வாய்ப்புக் கூடும். கூடிய வேகத்துக்கான இயந்திரத்தைப் பொருத்திவிட்டுப் பழைய பிறேக்கையே நம்பியிருப்பதும் அவ்வாறே ஆபத்தானது. ஆகவே வண்டியை ஓட்டுவோர் மாற்றங்களை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் முறையாகப் பதிவுசெய்து, தகுதிவாய்ந்தோரைக் கொண்டு பரிசோதிப்பது கட்டாயமாகும்.

பலகை கேட்கும் கேள்வி

மேற்கூறிய மாற்றங்களுள் பெரும்பாலானவற்றின் தேவை இன்று அற்றுப்போய்விட்டது. மின்சாரம் வந்தது, பட்டிச் சக்கரம் ஓய்ந்தது. போர் முடிந்தது, கம்பி அறுக்கும் இரும்பு பயனற்றுப்போனது. ஆனால் பின்புறத்துப் பலகையின் தேவை மாத்திரம் தீர்ந்தபாடில்லை.

தொடக்கத்தில் தோட்டத்து ஜீப் பெரிய துரையின் வாகனம். அதைக் கண்டு ஒதுங்கி நிற்பதே தொழிலாளிக்கு விதிக்கப்பட்டிருந்தது. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 முதல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குச் சென்றது. நிருவாகம் கைமாறிய போதெல்லாம் வாகனங்களும் கைமாறின. ஆயினும் மேற்பிரிவு லயத்தில் நள்ளிரவில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி கண்டால், அவரை எதில் ஏற்றுவது என்ற கேள்வி மாறவில்லை. கொழுந்து லொறியிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் நோயாளர்கள் கொண்டுசெல்லப்பட்ட செய்திகள் எமது வாசகர்களுக்குப் புதியன அல்ல. அக்கேள்விக்கு ஒரு பாஸ் தமது ஒட்டுக் கருவியால் எழுதிய விடையே அந்த மடிப்புப் பலகையாகும்.

முன்னேற்றம் இல்லையென்று கூறிவிட முடியாது. இந்திய உதவியுடன் 2016இல் ஆரம்பிக்கப்பட்ட 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ் சேவை பின்னர் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. 2017 மே மாதம் டிக்கோயாவில் புதிய வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது. எனினும் பிரதான வீதி வரை விரைந்துவரும் அம்பியுலன்ஸ், உடைந்த தோட்டப் பாதையின் வாயிலில் நின்றுவிடுமானால், எஞ்சிய தூரத்தைக் கடக்கப் பழைய ஜீப்போ மனிதத் தோளோதான் துணை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது மண்சரிவுகள் மலையக வீதிகளையும் புகையிரதப் பாதையையும் துண்டித்தமை, இந்த இடைவெளி எவ்வளவு கொடியது என்பதை நாட்டுக்கே உணர்த்திற்று.

எனவே இரு கோரிக்கைகளை நாம் முன்வைக்க விரும்புகிறோம். பழைய வண்டிகளை மூலவடிவத்துக்கே மீட்க விரும்பும் உரிமையாளர்கள், உள்ளூரில் சேர்க்கப்பட்டவற்றைக் கழற்றி எறிவதற்கு முன் அவற்றைப் படம்பிடித்து, அவற்றின் நோக்கத்தை அறிந்தோரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். ஹந்தானையிலுள்ள இலங்கைத் தேயிலை நூதனசாலை பழைய தேயிலை இயந்திரங்களைக் காத்து வருகின்றது. கம்பளைக்கு அண்மையில் பழைய லயன் அறைகளில் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையும் இயங்கி வந்துள்ளது. இத்தகைய இடங்களில் துரையின் ஆசனத்தோடு தொழிலாளியைச் சுமந்த பலகையும் சேர்ந்திருந்தால்தான் வரலாறு முழுமை பெறும்.

இரண்டாவது கோரிக்கை கம்பனிகளுக்கும் அரசுக்கும் உரியது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றமை 2023இல் நினைவுகூரப்பட்டது. அம்மக்கள் வாழும் ஒவ்வொரு பிரிவுக்கும் எக்காலநிலையிலும் அம்பியுலன்ஸ் சென்றுவரக்கூடிய பாதை அமைய வேண்டும். அது உடனடியாக இயலாத இடங்களில், நான்கு சக்கர இயக்கமுள்ள நோயாளர் வாகனமொன்று இரவும் பகலும் தயாராக இருக்க வேண்டும். பட்டிச் சக்கரத்தைப் போன்று அந்த மடிப்புப் பலகையும் எதற்கென்று தெரியாத ஒரு பழம்பொருளாக எமது பிள்ளைகளுக்குத் தோன்றும் நாள் விரைவில் வர வேண்டுமென்பதே எமது எதிர்பார்ப்பாகும்.